வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்க ஐடிபி: எங்கள் டவுனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ரோட்டேக்ஸும் காப்புறுதியும் புதுப்பித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. வருபவர்களில் பாதிப் பேர் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். இவர்களுடைய தாத்தா பாட்டி காலத்தில் வெளிநாட்டுப் பயணம் என்றால் பினாங்கில் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினம் போவதுதான். இப்போது பிள்ளைகள் சம்பாதித்து, அப்பா அம்மாவை ஜப்பானுக்குப் பனி பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். இறங்கியதும் வாடகைக் கார், குடும்பமாக ஒரே வண்டியில் சுற்றுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, "அக்கா, ஐடிபினு ஏதோ கேக்கிறாங்களாமே, அது என்னது?" என்று கடை வாசலில் வந்து நிற்பவர்கள்தான் அதிகம். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஐடிபி என்றால் என்ன? இன்னொரு லைசென்ஸா?

இல்லை. அனைத்துலக வாகனமோட்டும் பெர்மிட் என்பதைத்தான் சுருக்கமாக ஐடிபி என்கிறோம். உங்கள் மலேசிய லைசென்ஸில் என்ன இருக்கிறதோ அதைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்புப் புத்தகம், அவ்வளவுதான். புதிதாக எந்த உரிமையையும் அது தராது. உங்கள் லைசென்ஸில் இல்லாத வண்டியை ஐடிபி வைத்து ஓட்ட முடியாது.

1949-ல் ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. மலேசியா 1958-ல் அதில் சேர்ந்தது. அட்டை சாம்பல் நிறமாகவும், அளவு 105க்கு 148 மில்லிமீட்டராகவும் இருக்க வேண்டும் என்பது வரை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் பழைய பேங்க் புத்தகம் மாதிரி இருக்கும். உள்ளே ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பக்கம். கடைசியில் உங்கள் படமும், எந்த வகை வண்டி ஓட்டலாம் என்பதற்கான முத்திரையும் இருக்கும்.

மொழிபெயர்ப்புதான் என்பதால், மூல லைசென்ஸ் கூட இல்லாவிட்டால் ஐடிபிக்கு மதிப்பே கிடையாது. இரண்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். ஐடிபி இருக்கிறதே என்று லைசென்ஸை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், இது மலேசியாவுக்குள் செல்லாது. கொடுத்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்குத்தான் அது.

எங்கே எடுப்பது? எவ்வளவு ஆகும்?

சாலைப் போக்குவரத்து இலாகா, அதாவது ஜேபிஜே. நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் ஈப்போவுக்குப் போய்த்தான் எடுக்கிறார்கள். ஒரு வருடத்துக்குக் கட்டணம் 150 வெள்ளி (ரிங்கிட்). மைகார்ட் (அடையாள அட்டை), லைசென்ஸ், பாஸ்போர்ட் அளவுப் படம் கொண்டு போங்கள். படத்தை முன்கூட்டியே நல்லதாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பழைய படத்தை ஒட்டினால் வெளிநாட்டுக் கவுண்டரில் உங்கள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

சிடிஎல் எனப்படும் முழு லைசென்ஸ் உள்ளவர்களுக்குத்தான் இது. காரில் இன்னும் 'பி' ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டும் பிள்ளைகள் அந்த இரண்டு வருடம் முடியும் வரை பொறுக்க வேண்டும். லாரி, பஸ் ஓட்டுநர்களின் தொழில்முறை லைசென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் லைசென்ஸ் காலாவதியாக இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு ஐடிபிக்குப் போங்கள். கார் லைசென்ஸுக்கு வருடத்துக்கு 30 வெள்ளி. மூல லைசென்ஸ் செத்துப் போனால் ஐடிபியில் இன்னும் ஆறு மாதம் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இணையத்தில் வீட்டிலிருந்தே எடுக்கலாம், மூன்று வருடம், பத்து வருடம் செல்லும் என்று விளம்பரம் வருகிறதே?

தயவுசெய்து வாங்காதீர்கள். உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த நாட்டின் அரசாங்கமோ, அந்த அரசாங்கம் அதிகாரம் கொடுத்த அமைப்போதான் ஐடிபி கொடுக்க முடியும். நமக்கு அது ஜேபிஜே. ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளம் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் அட்டை பார்ப்பதற்கு அழகாக இருக்கும், பொன்னிற எழுத்துகூட இருக்கும். ஆனால் அதில் எந்த அரசாங்கத்தின் அதிகாரமும் இல்லை.

கால அளவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். 1949 ஒப்பந்தத்தின்படி ஒரு ஐடிபி அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும். மூன்று வருடம் வரை செல்லும் ஒரு வகை உண்டு, அது 1968-ல் வியன்னாவில் வந்த இன்னொரு ஒப்பந்தத்தின்படி கொடுக்கப்படுவது. பத்து வருட ஐடிபி என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

என் லைசென்ஸ் கைப்பேசியில் இருக்கிறது. அது போதாதா?

உள்ளூரில் போதும். 2023-லிருந்து மைஜேபிஜே செயலியில் காட்டினால் நம் போலீஸும் ஜேபிஜேயும் ஏற்றுக்கொள்கிறார்கள். அதனாலேயே பலர் அட்டையை மறந்துவிட்டோம்.

வெளிநாட்டு வாடகைக் கவுண்டர் அப்படி இல்லை. அவர்களுக்கு உங்கள் பாஸ்போர்ட், ஐடிபி, லைசென்ஸ் மூன்றையும் நகல் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். கைப்பேசித் திரையைக் காட்டினால் பல இடங்களில் தலையை ஆட்டிவிடுவார்கள். அங்கே இணையத்தொடர்பு கிடைக்காமல் செயலியே திறக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தொல்லை. பயணத்துக்கு முன்னால் ஜேபிஜேயில் பணம் கட்டி அட்டையாக அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐடிபி எடுக்கப் போகும் அன்றே இதையும் முடித்துவிடலாம்.

என் லைசென்ஸில் 'டி' என்று இருக்கிறது. ஐடிபியில் 'பி'யில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். தப்பா?

தப்பில்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல்தான் என் குடும்பமே ஒருமுறை ஜப்பானில் நடுத்தெருவில் நின்றது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் நாட்டில் 'டி' என்றால் கார், 'பி' என்றால் மோட்டார் சைக்கிள். ஐடிபியில் எழுத்துகளுக்கு அர்த்தம் வேறு. அங்கே 'ஏ' என்பது மோட்டார் சைக்கிள். 'பி' என்பது கார், அதாவது ஓட்டுநரைத் தவிர எட்டு இருக்கைக்கு மேல் போகாத, 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டி. 'சி' லாரி. 'டி' என்பது எட்டு இருக்கைக்கு மேல் உள்ள பயணிகள் வண்டி, நம் கணக்கில் பஸ். 'ஈ' இழுவை வண்டி. ஆக, உங்கள் மலேசிய 'டி'க்கு ஐடிபியில் 'பி'யில்தான் முத்திரை விழும். 'பி' என்றால் ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது பேர். பத்தாவது இருக்கை உள்ள வண்டியை அதை வைத்து ஓட்ட முடியாது.

என் அண்ணன் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்காலச் சேமிப்பான ஈபிஎஃப் பணம் வந்ததும் குடும்பத்தோடு ஹொக்கைடோ போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பத்துப் பேர். "பத்து சீட் வேன் இருக்கு, எல்லாரும் ஒண்ணா போயிடலாம்" என்று அண்ணன் மகன் இணையத்தில் பதிவு செய்தான். பதிவு செய்யும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. சித்தோசே விமான நிலையத்திலிருந்து வாடகைக் கம்பெனிக்கு அவர்களுடைய சின்ன பஸ்ஸிலேயே போனோம். கவுண்டரில் இருந்த பெண் அண்ணனுடைய ஐடிபியைத் திறந்து முத்திரைப் பக்கத்துக்கு வந்தாள். 'பி' வரியில் விரலை வைத்தாள். அப்படியே கீழே இறக்கி, காலியாக இருந்த 'டி' வரியைக் காட்டினாள். பிறகு எங்களைப் பார்த்து இரண்டு கைவிரல்களாலும் குறுக்கே பெருக்கல் குறி போட்டாள். ஆங்கிலம் அதிகம் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

சரி, இரண்டு சின்னக் கார் கொடுங்கள் என்றோம். அதற்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும். அண்ணன் மகனிடம் ஐடிபி இல்லை, அப்பாதானே ஓட்டப் போகிறார் என்று எடுக்காமல் வந்துவிட்டான். லைசென்ஸும் கைப்பேசியில்தான் இருந்தது. கடைசியில் அண்ணன் ஒரு காரை ஓட்டினார். நானும் அண்ணியும் குழந்தைகளில் இரண்டு பேரும் அதில் ஏறிக்கொண்டோம். மீதி ஐந்து பேரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சாப்போரோவுக்கு ரயிலேறினார்கள். ஆறு நாளும் இப்படித்தான் பாதிப் பேர் காரிலும் பாதிப் பேர் ரயிலிலும். ஒன்றாகப் போக வேண்டும் என்றுதான் அண்ணன் அந்தப் பயணத்துக்கே ஆசைப்பட்டார். அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் சாவியைக் கொடுத்து அனுப்பியிருந்தால், பனியில் ஏதாவது ஆகியிருந்தால், நாங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர்கள் ஆகியிருப்போம். பத்துப் பேர் என்றால் முதலிலேயே இரண்டு கார் பதிவு செய்யுங்கள். இரண்டு பேர் ஐடிபி எடுங்கள்.

என்னுடையது ஆட்டோ லைசென்ஸ், 'டிஏ'. ஐடிபி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் ஆட்டோ கியர் கார் மட்டும்தான் ஓட்டலாம். ஜப்பான், கொரியாவில் வாடகைக் கார் பெரும்பாலும் ஆட்டோதான், கவலை இல்லை. ஐரோப்பாவில் மலிவு விலைக்குக் கிடைப்பவை பல மேனுவல் வண்டிகள். பதிவு செய்யும்போதே ஆட்டோ என்று தேர்ந்தெடுங்கள், விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

எந்தெந்த நாட்டுக்கு ஐடிபி வேண்டும்?

ஆசியான் நாடுகளில் தொடங்குகிறேன். உள்ளூர் லைசென்ஸை ஒருவருக்கொருவர் ஏற்பது பற்றி 1985-ல் கோலாலம்பூரிலேயே ஆசியான் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. அதனால் தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தோனேசியா போன்ற இடங்களுக்குச் சுற்றுலா போகும்போது நம் லைசென்ஸே செல்லும்.

ஜப்பானுக்குக் கட்டாயம். ஜப்பான் 1949 ஒப்பந்தத்தின்படி கொடுக்கப்பட்ட ஐடிபியை மட்டும்தான் ஏற்கும். 1968 வகை அங்கே செல்லாது. நம் ஜேபிஜே கொடுப்பது 1949 வகை என்பதால் நமக்குச் சிக்கல் இல்லை. அங்கே இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம், அல்லது ஐடிபி காலாவதியாகும் நாள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை ஓட்டலாம். கொரியாவுக்கும் ஐடிபி வேண்டும். கொரியாவில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஜப்பானில் நம்மைப் போல இடப்பக்கம். முதல்முறை வெளிநாட்டில் ஓட்டுபவர்களுக்கு நான் ஜப்பானைத்தான் சொல்வேன்.

சீனாவில் ஐடிபியே செல்லாது. அங்கே தற்காலிக உள்ளூர் லைசென்ஸ் எடுத்தால்தான் ஓட்டலாம். ஹாங்காங் வேறு கணக்கு, அதைச் சீனாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரிட்டனில் சுற்றுலாப் பயணியாக நம் லைசென்ஸை வைத்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஆங்கிலத்தில் உள்ள லைசென்ஸ், இல்லையென்றால் மொழிபெயர்ப்போ ஐடிபியோ என்று கேட்பார்கள். நம் அட்டையில் மலாயும் ஆங்கிலமும் கலந்து இருப்பதால் கவுண்டரில் இருப்பவரைப் பொறுத்துத் தலைவலி வரலாம். ஆயிரக்கணக்கில் செலவு செய்து போகிறீர்கள், 150 வெள்ளிக்கு யோசிக்காதீர்கள். இத்தாலியில் கட்டாயம் வேண்டும்.

சட்டம் ஒருபக்கம், வாடகைக் கம்பெனியின் விதி இன்னொரு பக்கம். நாட்டுச் சட்டம் ஐடிபி கேட்காவிட்டாலும் கம்பெனி கேட்கலாம். பதிவு செய்யும்போது நிபந்தனைகளில் ஓட்டுநர் பற்றிய பகுதியை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகிறோம். நாமே ஓட்டிக்கொண்டு கோயில்களுக்குப் போகலாமா?

ஐடிபியும் மலேசிய லைசென்ஸும் இருந்தால் சட்டப்படி ஓட்டலாம். இந்தியாவும் 1949 ஒப்பந்தத்தில் உள்ள நாடுதான். சாலையும் இடப்பக்கம்.

ஒரு விஷயம் முக்கியம். இந்தியாவில் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்கு நம்பர் பிளேட் கறுப்பு நிறத்தில், எழுத்து மஞ்சளில் இருக்கும். வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்கான கார். "தெரிஞ்ச பையன் காடி, நாளைக்கு இவ்வளவு குடுங்க" என்று யாராவது வெள்ளை பிளேட் காரை வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். வாடகைக்கு விடக் கூடாத வண்டியில் விபத்து நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அங்கே டிரைவரோடு கார் எடுங்கள். கிலோமீட்டர் கணக்கும் டிரைவரின் தினப்படியான பேட்டாவும் முதலிலேயே பேசிக்கொள்ளலாம். வழியில் எங்கே இட்லி நன்றாக இருக்கும், எந்தக் கோயில் நடை மதியம் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நீங்களும் அப்பா அம்மாவோடு பின்சீட்டில் பேசிக்கொண்டே போகலாம்.

இலங்கைக்கு ஒரு படி கூடுதல். வெறும் ஐடிபி போதாது. கொழும்பில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அல்லது அங்குள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். பல வாடகைக் கம்பெனிகள் இதை நமக்காகச் செய்து கொடுக்கும். முன்கூட்டியே கேளுங்கள்.

என் நண்பர் ஐடிபி இல்லாமலே ஓட்டிவிட்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லையே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வரும். காப்புறுதி விற்பவள் என்பதால் இதை நன்றாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஐடிபியை நாம் போலீஸுக்குக் காட்டும் காகிதம் என்று நினைக்கிறோம். போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிவிட்டு வரலாம் என்றும் நினைக்கிறோம். பெரிய ஆபத்து அதுவல்ல. வாடகைக் காரின் காப்புறுதி ஒப்பந்தத்தில், அந்த நாட்டில் சட்டப்படி ஓட்டத் தகுதி உள்ளவர்தான் ஓட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஐடிபி தேவைப்படும் நாட்டில் அது இல்லாமல் ஓட்டினால் நீங்கள் தகுதி இல்லாதவர். அப்போது விபத்து நடந்தால், நீங்கள் பணம் கட்டி வாங்கிய சிடிடபிள்யூ என்கிற சேதப் பாதுகாப்பு உங்களைக் காப்பாற்றாது. கார் முழுவதும் உங்கள் தலையில் விழும். எதிர் வண்டியின் சேதமும் விழலாம். யாருக்காவது அடிபட்டு மருத்துவமனையில் இருந்தால் அந்தச் செலவை நினைத்துப் பாருங்கள். இங்கே வாங்கிக்கொண்டு போகும் பயணக் காப்புறுதியிலும் இதே மாதிரி வரி இருக்கும். சட்டத்தை மீறி நடந்த விபத்துக்குப் பொறுப்பில்லை என்று.

கவுண்டரில் சாவியைக் கொடுத்துவிட்டார்களே என்று சிலர் கேட்கிறார்கள். சாவி கொடுப்பவர் கவுண்டர் ஊழியர். பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று பிறகு கோப்பைப் பார்ப்பவர் வேறு ஆள். உங்கள் நண்பருக்கு ஒன்றும் ஆகாமல் போனது நல்லதுதான். காப்புறுதி தேவைப்படும் நாள் வரவில்லை, அதனால் அது இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே வரவில்லை.

சிடிடபிள்யூ எடுத்தால் ஒரு காசும் கட்ட வேண்டாமா?

பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட தொகை வரை சேதத்தை நீங்களே ஏற்க வேண்டும். நம் ஊரில் காப்புறுதியில் எக்ஸஸ் என்கிறோமே, அதேதான். கூடுதல் பணம் கட்டினால் அதைக் குறைக்கலாம். டயர், கண்ணாடி, அடிப்பாகம், தொலைந்த சாவி போன்றவை பல ஒப்பந்தங்களில் சேராது.

ஜப்பானில் இன்னொன்று உண்டு. பழுதுபார்க்கும் நாட்களில் வண்டி ஓடாமல் நிற்பதற்கான இழப்பீடு. பல கம்பெனிகளில், நீங்களே ஓட்டித் திருப்பிக் கொடுக்கும் நிலையில் இருந்தால் 20,000 யென், முடியாவிட்டால் 50,000 யென் என்று வாங்குகிறார்கள். சிடிடபிள்யூ எடுத்திருந்தாலும் இது தனி. சின்னக் கீறலாக இருந்தாலும் 110-க்கு அழைத்துப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாவிட்டால் காப்புறுதி கிடைக்காது. "சின்னதுதானே, பேசித் தீர்த்துக்கலாம்" என்ற நம் ஊர்ப் பழக்கத்தை அங்கே கொண்டு போகாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பிள்ளை இருக்கையும் சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் கேட்க மாட்டார்கள்.

நம் பெயரில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கிறது. குடும்பப் பெயர் என்று கேட்கும் இடத்தில் என்ன போடுவது?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். வாடகைக் கம்பெனியின் இணையதளம் அதை ஒத்துக்கொள்ளாது, இரண்டு கட்டத்தையும் நிரப்பு என்று நிற்கும். உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் போடுங்கள். சாய்கோட்டை அந்தக் கட்டம் ஏற்காது, விட்டுவிடலாம். விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்களோ அதே மாதிரி போடுவது நல்லது.

பாஸ்போர்ட்டிலும் லைசென்ஸிலும் ஐடிபியிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். சிக்கல் வருவது கிரெடிட் கார்டில்தான். கார்டில் இடம் போதாமல் பெயரைச் சுருக்கியிருப்பார்கள், அப்பா பெயரே இருக்காது. கவுண்டரில் கேட்டால் ஏ/எல் என்பது 'இன்னாரின் மகன்' என்று பொறுமையாகச் சொல்லுங்கள், மைகார்டையும் காட்டுங்கள். கல்யாணமான பெண்கள் கணவர் பெயரில் பதிவு செய்யாதீர்கள். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தானே இருக்கிறது.

டெபிட் கார்டு போதுமா? என் மகன் கார்டில் கட்டிவிட்டு நான் ஓட்டலாமா?

பல நாடுகளில் முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். அதில் வைப்புத்தொகையைப் பிடித்து வைத்து, கார் திரும்பிய பிறகு விடுவிப்பார்கள். டெபிட் கார்டை ஏற்கும் இடங்கள் உண்டு, ஆனால் அதிக வைப்புத்தொகையோ கூடுதல் காப்புறுதியோ கேட்கலாம். மகன் கார்டில் பதிவு செய்தால் மகனே முதன்மை ஓட்டுநர், நீங்கள் கூடுதல் ஓட்டுநர். கூடுதல் ஓட்டுநரின் பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும், அவரிடமும் ஐடிபி இருக்க வேண்டும். பெயர் ஏறாதவர் பார்க்கிங்கில் நகர்த்தி நிறுத்தும்போது இடித்தாலும் காப்புறுதி கிடையாது. களைப்பாக இருக்கிறது, கொஞ்ச நேரம் நீ ஓட்டு என்று நெடுஞ்சாலையில் மாற்றிக்கொள்வது நமக்குச் சாதாரணம். அங்கே செய்யாதீர்கள்.

ஹட்யாய்க்கு நம் சொந்தக் காரிலேயே போகிறோம். ஐடிபி வேண்டுமா?

வேண்டாம், லைசென்ஸ் போதும். அங்கே கேட்பது வண்டிக்கான காகிதங்கள். தாய்லாந்துக் காப்புறுதி எடுக்க வேண்டும், எல்லையில் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். கார் இன்னொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் வேண்டும். ஐசிபி என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வண்டிக்கான அனைத்துலகப் பெர்மிட். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மலேசியாவில் எடுத்த வாடகைக் காரை எல்லை தாண்டிக் கொண்டுபோக, கம்பெனியின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

பாலியில் ஸ்கூட்டர் எடுத்துச் சுற்றலாம் என்கிறார்கள் பிள்ளைகள்.

மோட்டார் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கார் லைசென்ஸ் மட்டும் உள்ளவருக்கு அங்கேயும் மோட்டார் ஓட்ட உரிமை இல்லை. வாடகைக்குக் கொடுப்பவர் எதுவும் கேட்காமல் சாவியை நீட்டுவார். விழுந்து கால் உடைந்தால் பயணக் காப்புறுதி முதலில் கேட்பது மோட்டார் லைசென்ஸைத்தான்.

மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். ஒவ்வொரு வருடமும் ஐடிபி எடுத்து அனுப்பினால் ஓட்டிக்கொண்டே இருக்கலாமா?

முடியாது. ஐடிபி வந்து போகும் பயணிக்கு உரியது. அங்கே குடியிருப்பவருக்கு மலேசிய லைசென்ஸ் 12 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு அந்நாட்டு லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள்ளேயே எழுத்துத் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்து நாலு மாதம் கழித்து சம்மன் வருமா?

வரும். இத்தாலியின் பழைய நகர மையங்களில், அனுமதி இல்லாத கார் நுழையக் கூடாத பகுதிகள் இருக்கின்றன. நுழைந்ததும் கேமரா படம் எடுத்துவிடும். வாடகைக் கம்பெனி உங்கள் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்காகத் தனிக் கட்டணத்தை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். அபராதக் கடிதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் உங்கள் கார் எண்ணை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லி ஹோட்டலில் கேளுங்கள்.

ஐடிபி கையில் வந்துவிட்டது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் அங்கேயே நின்று திறந்து பாருங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பெயரை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள், அப்பா பெயரையும் சேர்த்து. நம் பெயர்கள் நீளம், ஒரு எழுத்து விடுபடுவது சுலபம். பிறந்த தேதியைப் பாருங்கள். முத்திரைப் பக்கத்துக்குப் போய் 'பி' வரியில் முத்திரை விழுந்திருக்கிறதா, படத்தின் மேல் உள்ள முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்து லைசென்ஸில் உள்ள மாதிரியே இருக்கட்டும். பிறகு முதல் பக்கத்தில் தேதி. கார் திருப்பிக் கொடுக்கும் நாள் வரைக்கும் அது செல்ல வேண்டும். ஏதாவது தப்பு இருந்தால் அந்த நிமிடமே ஜன்னலில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், இன்னொரு நாள் லீவு போட்டு ஈப்போவுக்குப் போக வேண்டியிருக்கும்.